வெறுங்கைக்காரனைத் தூக்கிவிட்டவர்கள்

குஷன்காரர் பிறந்ததிலிருந்து யாரையும் ஓர் அறைகூட அறைந்தவரில்லை. கார் இருக்கைக்கு ரெக்சின் உறையை இழுத்துப் போர்த்தி, அடியில் ஸ்டேப்ளரால் அடிப்பாரே, அதுதான் அவர் அடித்த பெரிய அடி. ஆனால் குத்துச்சண்டை என்று யாராவது வாயெடுத்தால் போதும், கத்திரியைக் கீழே வைத்துவிடுவார். வண்டியைக் கொடுத்தவர் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

பக்கத்துப் பட்டறை டிங்கர்காரர் அவருக்கு வாய்த்த சரியான ஜோடி. நசுங்கிய கதவுகளைத் தட்டி நிமிர்த்துகிறவர். இருவருக்கும் பல வருடமாக ஒரே வழக்கு. கையுறை என்பதே இல்லாத அந்தக் காலத்துச் சாம்பியன் ஒருவன். கையுறையும் பயிற்சியாளரும் சத்துமாத்திரையுமாக வந்த இந்தக் காலத்துச் சாம்பியன் ஒருவன். இரண்டு பேரையும் ஒரே மேடையில் ஏற்றினால் யார் ஜெயிப்பான்? வெறுங்கைக்காரன் குஷன்காரரின் ஆள். கையுறைக்காரன் டிங்கர்காரரின் ஆள்.

தேநீர் வந்ததும் சுருட்டி வைத்த ஃபோமை நிமிர்த்தி நிறுத்தி, ஆளுக்கொன்றாகக் குத்தத் தொடங்குவார்கள். இவ்வளவு வருடத்தில் சண்டை முதல் சுற்றைத் தாண்டியதே கிடையாது. எந்தக் காலத்துச் சட்டப்படி நடத்துவது என்பதிலேயே ரகளை முற்றிவிடும்.

"உங்காளு விழுந்தா பத்து எண்ணுவாங்கண்ணே. எழுந்திரிக்கலன்னா கதை முடிஞ்சுது."

"எங்காளு காலத்துல ஏதுய்யா பத்து? உன் இஷ்டத்துக்கு எண்ணிட்டுப் போவியா?"

தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் குஷன்காரரின் மனைவி தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். "ரெண்டு பேரும் குத்தி முடிச்சிட்டா அந்த ஃபோமைக் கொடுங்க, வெட்டணும்" என்பதோடு சரி. குஷன்காரரும் அந்தப் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை அபிப்பிராயம் கேட்டதில்லை. பெண்பிள்ளைக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்கிற நினைப்புதான், வேறென்ன.

அப்படியிருந்தவருக்கு ஒருநாள் வேலை நடுவில் வலப்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிற்று. பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது பேச்சு ஓரளவு திரும்பியிருந்தது. கால்தான் வரவில்லை. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "தினமும் யாராவது பிடிச்சுக்க, இவர் நடந்தே ஆகணும். இப்ப விட்டா அப்புறம் நாற்காலிதான்."

யாராவது பிடித்துக்கொள்வதா? மனிதருக்கு அதுதான் பொறுக்கவில்லை. இரண்டு ஆள் தூக்கும் பின்னிருக்கையை ஒற்றை ஆளாய்த் தோளில் தூக்கிப்போனவர். மனைவி அக்குளில் கை கொடுத்தால் "விடு, நானே எழுந்துக்குவேன்" என்று உதறுவார். நாள் தவறாமல் காலையில் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் டிங்கர்காரரைக் கண்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். வீம்புக்கு மட்டும் எந்த வாதமும் வரவில்லை.

அன்றைக்கும் தானே எழப்போய், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் பொத்தென்று விழுந்தார். சமையலறையிலிருந்து ஓடிவந்த மனைவி அவரைத் தூக்கவில்லை. பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்னங்க, உங்காளு விழுந்துட்டாரு."

"எந்த ஆளு?"

"அதான், வெறுங்கைக்காரரு. பத்து எண்ணட்டுமா?"

வலியிலும் அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பத்தெல்லாம்... கையுறைக்காரன் சட்டம்."

"அப்ப உங்க சட்டத்துல விழுந்தவனை என்ன செய்வாங்க?"

குஷன்காரர் முகத்தை அலமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் சொல்றேன். ஆளுக்கு ரெண்டு துணையாளுங்க கூடவே இருப்பாங்க. விழுந்தா ஓடிவந்து தூக்கி, கைத்தாங்கலா நடுக்கோடு வரைக்கும் கூட்டிட்டுப் போவாங்க. அங்க போய் நின்னா போதும். எத்தனை தடவை விழுந்தாலும் தோத்ததா கணக்கில்ல. தொண்டை கிழியக் கத்தினது நீங்கதானே?"

குஷன்காரர் மனைவியையே பார்த்தார். "அந்த மெஷின் சத்தத்துல உனக்கு இதெல்லாம் கேட்டுச்சா?"

"உங்க ரெண்டு பேர் சத்தத்துல எனக்கு மெஷின் சத்தம்தான் கேக்கல."

வாய் ஒரு பக்கம் கோணினாலும் அது சிரிப்புதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் சிரித்த முதல் சிரிப்பு. இடக்கையை நீட்டினார். மனைவி அதைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார்: "தம்பி, உள்ள வாங்க. ரெண்டு ஆளு வேணும்."

அங்கேயே கதவோரமாய் நின்றிருந்த டிங்கர்காரர் வந்து வலப்பக்கத் தோளுக்குக் கீழே கை கொடுத்தார்.

"எதிர்க்கட்சிக்காரன் தொடலாமாய்யா?" என்றார் குஷன்காரர்.

"சட்டத்துல இடமில்லண்ணே. இருந்தாலும் தொடுவேன்."

மூன்று பேருமாகக் கிளம்பினார்கள். வலக்கால் தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தது. அலமாரியைத் தாண்டி, மேசையைத் தாண்டி, வாசல்நிலை வந்ததும் இடக்கையால் அதைப் பற்றிக்கொண்டு நின்றார். மற்ற இருவரும் கையை எடுத்தார்கள். விழவில்லை. வெளியே தெருவில் யாரோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் முகத்தில் பட்டது. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை, துடைக்க வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடம் ஒரே அறையில் இருந்து, தான் கத்தியதையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டு வைத்திருந்த ஒருத்தியை இவ்வளவு நாள் பார்க்காமலே இருந்துவிட்டோமே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"என் ஆளு, என் ஆளுன்னு எவ்வளவு பேசியிருப்பேன்" என்றார் மெதுவாக. "அவனைத் தூக்கிவிட்டவங்களைப் பத்தி ஒருநாளாவது பேசினேனா?"

"அவங்க பேரு யாருக்குங்க தெரியும்?" என்றார் மனைவி.

"எனக்குத் தெரியும்."

நிலையிலிருந்து கையை எடுத்து மனைவியின் தோளில் போட்டார்.

"கட்டில் வரைக்கும் போயிட்டு, இன்னொரு தடவை வரலாம். பிடிச்சுக்கங்க."