ஏணியில் இல்லாத பட்டை

அந்தத் தெருவில் அவளை ஆல்பக்காரி என்றால்தான் தெரியும். பதினாறு வருடம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஆல்பம் செய்தவள். செய்ததைவிட அழித்ததுதான் அதிகம். முகப்பருவை அழிப்பாள், கன்னத்துத் தழும்பை அழிப்பாள். கோபித்துக்கொண்டு போன மருமகனைக் குடும்பப் படத்திலிருந்து தடம் தெரியாமல் எடுத்துவிட்டு, அவர் நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டியை வைப்பாள். சமாதானமாகி அவர் திரும்பி வந்தால், தொட்டியை எடுத்துவிட்டு அவரை மறுபடி நிற்க வைப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று ஸ்டுடியோக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். பெருமையடித்த ஸ்டுடியோ ஒருநாள் மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்து, தானாகவே ஏஐ வீடியோ கற்றுக்கொண்டாள். ஒரு பொருளின் நாலு போட்டோவைக் கொடுத்து, என்ன நடக்க வேண்டும் என்று எழுதினால், இயந்திரம் ஐந்தைந்து நொடித் துண்டுகளாகப் படம் செய்து தரும். அந்தத் துண்டுகளைக் கோத்து, இசை சேர்த்து, சினிமா மாதிரி ஆக்குவது அவள் வேலை. பாத்திரம் தேய்க்கும் நார் ஒன்று கடலுக்குள்ளிருந்து சூரியனோடு சேர்ந்து எழுந்து வருவதுபோல் அவள் செய்த வீடியோவை லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். நாரைப் போய் எவன் பார்ப்பான் என்று கேட்ட கணவரே நாலு தடவை பார்த்தார். வேடிக்கை என்னவென்றால், அந்த நாரை அவள் கையால் தொட்டதில்லை. இருநூறு பொருளுக்குமேல் வீடியோ செய்திருக்கிறாள், பத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. போட்டோ வரும், வீடியோ போகும், அவ்வளவுதான் உறவு.

மடக்கு ஏணி மட்டும் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. அதற்குக் காரணம் இயந்திரத்தின் பிடிவாதம்.

ஐந்து படி, அலுமினியம், ஒரு விரலில் தூக்கலாம். அந்த ஒரு விரல்தான் விளம்பரமே. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி ஏணியை விரலில் தொங்கவிட்டு வந்து, விரித்து, உச்சிப்படி வரை ஏறி, பரணிலிருந்து ஒரு பழைய பெட்டியை எடுக்க வேண்டும். இயந்திரம் எல்லாவற்றையும் அழகாகச் செய்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூசி மிதப்பதைக்கூடச் செய்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏணியின் முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டையை மாட்டி வைத்தது. அசல் ஏணியில் அப்படி எதுவும் கிடையாது. உச்சியில் ஒரு கீல், அத்தோடு சரி. பட்டை வேண்டாம் என்று எழுதிப் பார்த்தாள். கெஞ்சியும் மிரட்டியும் எழுதிப் பார்த்தாள். அது, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றது.

ஏணிக் கம்பெனி முதலாளிக்கு ஊரெல்லாம் தங்கச்சிகள். அவளும் ஒருத்தி. பொருள் எப்படி இருக்கிறதோ அப்படியே வர வேண்டும் தங்கச்சி என்று தேனொழுகச் சொல்லி, எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு ஏணியையே அனுப்பி வைத்தார். அவள் இருபத்துநாலு கோணத்தில் எடுத்தாள். ஏறிப் பார்க்கவில்லை. படத்துக்கு வந்த பொருளில் யாராவது ஏறுவார்களா?

அதற்கும் இயந்திரம் மசியவில்லை. அவள் தன் பழைய தொழிலுக்கே போனாள். மூன்று நாள் உட்கார்ந்து, படம் படமாகப் பட்டையைத் துடைத்தாள். துடைத்த படத்தைக் கொடுத்து அதை அசைக்கச் சொன்னால் இயந்திரம் வேறு கிறுக்குத்தனம் செய்தது. சில துண்டுகளில் ஏணிக்கால்கள் அகன்றன, மேலே நின்ற பெண் சரிந்தாள். சனியன் என்று திட்டிக்கொண்டே அவற்றை அழித்தாள். நான்காவது நாள் நண்பகலில், பட்டையும் இல்லாமல் சரிவும் இல்லாமல் ஒரு வீடியோ தேறியது. குறுக்கே தன் முத்திரையைப் போட்டு ஒரு மாதிரிப் பிரதியை அனுப்பினாள். முதலாளிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். முத்திரை இல்லாத இறுதிப் பிரதி ஐந்து மணிக்குள் வேண்டும், ஆறு மணிக்கு விற்பனை ஆரம்பம் என்றார்.

இறுதிப் பிரதி தயாராகக் கம்ப்யூட்டருக்கு நாற்பது நிமிடம் பிடிக்கும். அந்த நேரத்தில், வீடியோவுக்குக் கீழே என்ன எழுதலாம் என்று பார்ப்பதற்காக, மற்றவர்கள் மடக்கு ஏணிக்கு என்ன எழுதுகிறார்கள் என்று தேடினாள். திரை முழுக்க ஏணிகள் வந்து நின்றன. மர ஏணி, இரும்பு ஏணி, மூன்று படி, ஏழு படி. ஒவ்வொன்றிலும் கால்களுக்குக் குறுக்கே ஏதாவது ஒரு பட்டை இருந்தது. சிலதில் கறுப்பு, சிலதில் மஞ்சள், பாதிக்குமேல் சிவப்பு. கீழே, கீழே என்று தள்ளிக்கொண்டே போனாள். பட்டை இல்லாத ஏணி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இயந்திரம் இல்லாததைக் கற்பனை செய்யவில்லை. உலகத்து ஏணிகளையெல்லாம் பார்த்துவிட்டு, இந்த இடத்தில் பட்டை இல்லாமல் ஏணி நிற்காதே என்று மூன்று நாளாக அவளிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. துடைத்தபோதெல்லாம் என்ன ஆகும் என்றும் காட்டியிருக்கிறது. அவள்தான் பிழை என்று அழித்திருக்கிறாள்.

ஏணி எங்கே என்று திரும்பிப் பார்த்தாள். சுவரோரம் காலியாக இருந்தது.

அவள் கணவர் வீடு வீடாகப் போய்த் திரைச்சீலை மாட்டுகிறவர். அன்றைக்கு வேலை இரண்டு தெரு தள்ளி, நான்காவது மாடியில். லிப்ட் பழுது. தன்னுடைய மர ஏணியைச் சுமந்தால் இடுப்பு ஒடிந்துவிடும், இதைக் கொண்டு போகிறேன் என்று காலையில் அவர் சொன்னதற்கு, அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உம் கொட்டியிருந்தாள்.

போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள். மறுபடி. ஏணியில் நிற்கும்போது போனைத் தொடக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியவளே அவள்தான்.

கதவைப் பூட்டினாளா என்றுகூட நினைவில்லை. வீட்டுச் செருப்போடு ஓடினாள். முதல் தெருவில் ஒரு வண்டிக்காரன் சாவுகிராக்கி என்று திட்டியது காதில் விழுந்தும் நிற்கவில்லை. மாடிப்படியில் ஒரு செருப்பு கழன்றது, விட்டுவிட்டு ஏறினாள். நான்காவது மாடியில் கதவு திறந்தே இருந்தது. கூடம் முழுக்க வழுவழுவென்று பளிங்குத் தரை. பெரிய ஜன்னலுக்கு முன்னால் ஏணி, ஏணியின் உச்சிப்படியில் அவர். வாயில் நாலு திருகாணி, இரண்டு கையும் தலைக்கு மேலே, கம்பியைப் பிடித்தபடி எட்டி நின்றுகொண்டிருந்தார்.

கூப்பிட வாய் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். கூப்பிட்டால் திரும்புவார். திரும்பினால் எடை ஒரு பக்கம் போகும். மூச்சு இரைப்பதைக்கூட அடக்கிக்கொண்டு அடிமேல் அடி வைத்துப் போய், மண்டியிட்டு, அவர் மேலிருந்து கண்ணை எடுக்காமல் ஏணியின் கால்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். அவர் மேலே திருகுகிற ஒவ்வொரு திருகும் அவள் உள்ளங்கையில் அதிர்ந்தது. கடவுளே, கடைசித் திருகாணியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அது மூன்றாவதுதான்.

அவர் இறங்கி வந்து தரையில் கால் வைத்த பிறகுதான் அவளைப் பார்த்தார். அவளோ அப்போதுதான் பார்த்தாள், ஏணியின் முன்காலையும் பின்காலையும் சேர்த்து நைலான் கயிறு இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்ததை.

"மூணாவது படியிலயே காலு அகல ஆரம்பிச்சிடுச்சு," என்றார். "அதான் இறங்கிக் கட்டிட்டு ஏறினேன். நீ எதுக்கு ஒத்தைச் செருப்போட வந்து நிக்கிற?"

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. தெரிந்தும் ஏன் ஏறினீர்கள், எனக்கு உயிரே போய்விட்டது என்று அந்த வீட்டுக்காரர்கள் முன்னாலேயே அவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர் கயிற்றை அவிழ்த்தார். அவள் ஓய்ந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு இது தொழிலு, பார்த்ததும் தெரிஞ்சுது, கட்டிக்கிட்டேன். உன் வீடியோவுல ஏறுற அம்மாகிட்ட கயிறு இல்லையேம்மா."

அவள் வீட்டுக்கு வந்தபோது மணி நாலரை. இறுதிப் பிரதி தயாராகிக் காத்துக்கொண்டிருந்தது. அனுப்புவதற்குப் பதிலாக முதலாளிக்குப் போன் செய்து, ஏணியில் குறுக்குப் பட்டை ஏன் இல்லை என்று கேட்டாள். அவர் சிரித்தார். மூன்று நாளாகப் பட்டையை எடுத்துக்கொண்டிருந்த தங்கச்சியா இதைக் கேட்பது என்றார். பிறகு, முதலில் இரும்புப் பட்டை இருந்ததாகவும், அதனால் ஏணி கனமாகிவிட்டதாகவும், ஒரு விரலில் தூக்க வேண்டும் என்றால் எதையாவது குறைத்துத்தானே ஆக வேண்டும் என்றும் மென்று விழுங்கினார். அவள் தன் வீட்டில் நடந்ததைச் சொன்னாள். பட்டை போடுகிறவரை வீடியோவைத் தர மாட்டேன் என்றும் சொன்னாள்.

"ஏணி செய்யறது என் வேலை. படம் காட்டுறதுதான் உங்க வேலை, மேடம்."

தங்கச்சி ஒரே நொடியில் மேடமாகிவிட்டாள். அவர் வைத்துவிட்டார். இனி அந்தக் கம்பெனி வேலை வராது, அவர் கைகாட்டுகிற இன்னும் நாலு கம்பெனி வேலையும் வராது. அது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. நம்மால் ஆனது, தடுத்துவிட்டோம் என்று முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

ஆறு மணிக்கு ஏணி வீடியோ வெளியானது.

ஒன்றரை மணி நேரத்துக்குள் வேறு யாரையோ பிடித்துச் செய்ய வைத்திருந்தார். அதே கதை, வேறு பெண், வேறு பரண். செய்தவருக்குத் துடைக்க நேரம் இருந்திருக்காது, துடைக்க வேண்டும் என்று தோன்றியும் இருக்காது. ஏணியின் நடுவே சிவப்புப் பட்டை ஜம்மென்று பளபளத்தது. பார்த்தவர்கள் எண்ணிக்கை கண் முன்னாலேயே ஏறியது. பட்டை எல்லாம் போட்டு உறுதியாக இருக்கிறது, தைரியமாக வாங்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அம்மாவுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன் என்று இன்னொருத்தி.

ஆல்பக்காரி தன்னுடையதைக் கொடுத்திருந்தாலாவது பட்டை இல்லை என்பது கண்ணிருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது முழுப் பூசணிக்காயையும் சோற்றில் மறைத்தாயிற்று. அந்தப் பட்டை அசல் ஏணியில் இல்லை, வாங்காதீர்கள் என்று வீடியோவின் கீழே எழுதினாள். இரண்டு நிமிடத்தில் அது காணாமல் போனது. மறுபடி எழுதினாள், மறுபடி போனது. மூன்றாவது தடவை கம்பெனி அவளை எழுதவே விடவில்லை.

கணவர் ஏணியை அடுக்களைக்குள் கொண்டுவந்து, கயிறில்லாமல் தரையில் விரித்தார். உச்சிப்படியில் ஒரு வாளி நிறையத் தண்ணீரை வைத்தார். அவள் போனில் படம் பிடித்தாள். அவளுடைய வீடியோக்களில் ஒரு தூசி இடம் மாறி இருந்தால்கூடப் பொறுக்க மாட்டாள். இதில் கழுவாத பாத்திரம் தெரிந்தது, கொடியில் கிடந்த துண்டு தெரிந்தது, கணவரின் தலை பாதி வெட்டுப்பட்டது. எதையும் அவள் துடைக்கவில்லை. நான்தான் இந்த ஏணிக்கு முதலில் வீடியோ செய்தவள், இது ஏஐ இல்லை, என் வீட்டு அடுக்களை என்று சொன்னாள். கணவர் வாளியை விரலால் லேசாகத் தள்ளினார். கால்கள் அகன்றன. ஏணி படுத்தது, வாளி உருண்டது, தண்ணீர் முன்னறை வரை ஓடியது.

அதை அப்படியே இணையத்தில் ஏற்றினாள். அரை மணி நேரத்தில் பார்த்தவர்கள் முப்பத்தொரு பேர். முதல் ஆளாக ஒருவர் எழுதியிருந்தார்: இது ஏஐ, பார்த்தாலே தெரிகிறது, அசல் ஏணியில் சிவப்புப் பட்டை இருக்கிறது, போட்டிக் கம்பெனிக்காரர்களின் வேலை.

அவள் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். தனக்கு இது வேண்டியதுதான் என்று தோன்றியது. இருநூறு பொருளுக்கு ஊர்க் கண்ணைக் கட்டியவள் சொன்னால் எவன் நம்புவான்? கணவர் தரையைத் துடைக்கத் துணி எடுத்தார். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, வீடியோவுக்குக் கீழே தன் போன் நம்பரை எழுதினாள். சந்தேகம் இருந்தால் பேசுங்கள், வீட்டுக்கு வந்து ஏணியைத் தொட்டுப் பாருங்கள் என்றும் எழுதினாள்.

வெகுநேரம் எதுவும் இல்லை. பிறகு ஒரு புது நம்பர் அழைத்தது. அம்மாவுக்கு ஆர்டர் போட்டதாக எழுதியிருந்த பெண். குரலில் நம்பிக்கை இல்லை.

"இந்தக் காலத்துல குரலையும் செஞ்சிடறாங்க. நீங்க நெஜமான ஆளுதானா?"

"நெஜமான ஆளுதாம்மா," என்றாள் ஆல்பக்காரி. "வேணும்னா வீடியோ காலுல வா. தண்ணி இன்னும் தரையிலதான் நிக்குது. நான் அதுலதான் காலை வெச்சிட்டு உக்காந்திருக்கேன்."

சொல்லிக்கொண்டே காலை அசைத்தாள், தண்ணீர் சளக்கென்றது.

"வேண்டாங்கா," என்றது குரல். "ஆர்டரை நிறுத்திடறேன்."