பதினாறாவது பாட்டு

என் மகளின் கேசட்டை அழித்தது டேப் ரிக்கார்டர் இல்லை, நான்தான். அழித்துவிட்டு மெஷின் தின்றுவிட்டது என்று பொய் சொன்னேன். அவள் அதை நம்பி என்னிடமே மன்னிப்புக் கேட்டாள். நானும் மன்னித்தேன். இந்த மூன்றில் எது பெரிய தப்பு என்று கேட்டால் மூன்றாவதைத்தான் சொல்வேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு மத்திய அரசில் ஓர் அமைச்சகத்தில் வேலை. மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் சேர்ந்த ஒரே ஒரு டூ-இன்-ஒன். அவள் கல்லூரியிலிருந்து வந்த நேரம் முதல் நான் ஆபீஸிலிருந்து வரும்வரை அது அவளுடையது. நான் ஷூவைக் கழற்றியதும் என்னுடையது. இப்படி யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் அப்படித்தான் நடந்தது. வாசலில் என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் உள்ளே பாட்டு நிற்கும்.

அந்த வருடம் அவளுக்கு ஒரு ராக் பாடகர் மேல் பைத்தியம். அவள் பிறப்பதற்கு முன்பே உலகப் புகழ் பெற்று, அவள் பள்ளிக்கூடம் போகும்போது ஓய்ந்துவிட்டவர். ராத்திரியெல்லாம் இருமிவிட்டுக் காலையில் காபி கேட்கிறவரின் குரல் அவருக்கு. என் காதில் அப்படித்தான் விழுந்தது. அவரைக் கௌரவிப்பதற்காகப் பெரிய பெரிய பாடகர்கள் பதினைந்து பேர் சேர்ந்து, ஆளுக்கொரு பாட்டாக அவருடைய பாட்டுகளையே பாடி ஓர் ஆல்பம் போட்டிருந்தார்கள். வகுப்புத் தோழி ஒருத்திக்கு வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்ததை, என் மகள் ஒரு நல்ல தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பதிந்துகொண்டு வந்தாள். சாப்பிடும்போது அதைப் பற்றியே பேசினாள். அசல் ஆள் பாடி வைத்தது இருக்கும்போது மற்றவர்கள் எதற்குத் திரும்பப் பாட வேண்டும் என்று நான் கேட்டேன். அது ட்ரிப்யூட் என்றாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். அவள் இன்னொரு சப்பாத்தியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். வாதத்தில் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் சதுரம் இருக்கும். அதை உடைத்து எடுத்துவிட்டால் ரிக்கார்ட் பட்டன் அழுந்தாது. பதிந்தது பத்திரமாக இருக்கும். என் மகள் இரண்டையும் வீட்டுச் சாவியால் நெம்பி உடைத்து வைத்திருந்தாள். ஆனால் அந்த ஓட்டையின் மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் மெஷின் ஏமாந்துவிடும். இந்தத் தந்திரம் எங்கள் கோஷ்டிக்கு நன்றாகத் தெரியும்.

கோஷ்டி என்றால் நாலைந்து தமிழ் உத்தியோகஸ்தர்கள். மத்தியானம் ஆபீஸ் புல்வெளியில் வெயிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டு கச்சேரிகளைப் பற்றிப் பேசுவோம். ரேடியோவில் வரும் கச்சேரியைப் பதிவு செய்வது என் பொறுப்பு. காரணம் என் ஞானம் இல்லை, எங்கள் பிளாக்கின் மின்சாரம். ஆஸ்பத்திரி இருந்த லைனிலேயே நாங்களும் இருந்ததால் தில்லி முழுக்க கரண்ட் போனாலும் எங்களுக்குப் போகாது. மற்றவர்கள் என்னிடமிருந்து பிரதி எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைகளின் பழைய சினிமாப் பாட்டுக் கேசட்டுகளில் செலோடேப் ஒட்டி அதன்மேல் கல்யாணியும் பைரவியும் ஏற்றுவது எங்களுக்குள் ஒரு பெருமையாகவே இருந்தது. குப்பையைக் கோபுரமாக்குகிறோம் என்று ஒருவர் சொல்வார், எல்லோரும் சிரிப்போம்.

ஒரு திங்கட்கிழமை. தெற்கிலிருந்து அபூர்வமாகவே வடக்கே வரும் ஒரு வயதான வித்வானின் கச்சேரி அன்று மாலை ரேடியோவில். இந்த வாரத்துக்குள் கேசட் கையில் இருக்கும் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அலமாரியில் ஒரு காலிக் கேசட்கூட இல்லை. திங்கட்கிழமை சரோஜினி நகர் மார்க்கெட் மூடியிருக்கும். மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுடைய கேசட் மெஷினிலேயே இருந்தது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. உடைத்த சதுரங்களைப் பார்த்தேன். இதை யாரும் தொடக்கூடாது என்று அவள் சொல்லி வைத்திருப்பது அதுதான் என்று தெரிந்தது. ஆபீஸிலிருந்து கொண்டுவந்த செலோடேப்பைக் கிழித்து ஒட்டி, இரண்டாவது பக்கத்தைப் போட்டுப் பட்டனை அமுக்கினேன். அவர் அன்று காம்போதி பாடினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மனசாட்சி அப்போது எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காம்போதியில் கேட்டிருக்காது.

மறுநாள் ஆபீஸில் வேலை அதிகம், மத்தியானம் புல்வெளிக்கே போக முடியவில்லை. வீட்டுக்கு வந்தபோது, மகளும் அப்போதுதான் கல்லூரியிலிருந்து வந்து சமையலறையில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். அந்த ஆல்பத்தின் இரண்டாவது பக்கத்தில் கடைசியில் கொஞ்சம் நாடா மிச்சம் இருந்ததாம். கிடார் வாசிக்கிற ஒரு தோழியோடு உட்கார்ந்து அந்தப் பாடகரின் பாட்டு ஒன்றைத் தானே பாடி அதில் பதிந்திருக்கிறாளாம். "பதினஞ்சு ஸ்டார்மா, பதினாறாவது நான்" என்று சொல்லிச் சிரித்தாள். இன்றைக்குப் போட்டுக் காட்டுகிறேன் என்றாள்.

நான் முன்னறையில் ஒரு காலில் ஷூவோடு நின்றிருந்தேன். அவள் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் மெஷினிலிருந்து கேசட்டை எடுத்து, செலோடேப்பைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நாடாவுக்குள் விரலை விட்டு இழுத்தேன். இரண்டு மூன்று இடத்தில் அறுத்து, மீதியை மெஷினின் உருளைகளில் திணித்தேன். இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாடாதான். பதினைந்து பேரில் முதல் பக்கத்தில் மிஞ்சியிருந்தவர்களும் போனார்கள், என் மகளை முந்தைய நாளே அனுப்பியாகிவிட்டது, இப்போது காம்போதியும் போயிற்று.

அவள் வந்து பார்த்தபோது மெஷினின் வாயிலிருந்து நாடா சேமியாவைப்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. மெஷின் தின்றுவிட்டது என்றேன். நாடா உரசி ஓடும் ஹெட்டில் அழுக்குச் சேர்ந்தால் அப்படி நடப்பதுண்டு. அவள் நாடாவை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"சாரிப்பா. ஹெட்டை க்ளீன் பண்ணச் சொல்லிட்டே இருந்தீங்க. நான்தான் பண்ணல."

"இனிமேலாவது கவனமா இரு" என்றேன்.

மிச்சத்தை நானே எடுத்துக் குப்பையில் போட்டேன். கோஷ்டியிடம் கரண்ட் போய்விட்டது என்று சொன்னேன். எங்கள் லைனில் கரண்ட் போகாது என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் கடலையையே உரித்துக்கொண்டிருந்தார்கள். மகளும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்தப் பாடகரின் பாட்டை அவள் முணுமுணுத்துக்கூட நான் கேட்கவில்லை.

அதன் பிறகு எங்களுக்கு நல்ல காலம்தான். மகளுக்கு நொய்டாவில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று. நான் ரிட்டையர் ஆகி, மயூர் விஹாரில் சொசைட்டி ஃபிளாட்டுக்கு வந்தோம். தெற்குப் பார்த்த பால்கனி. தில்லிக் குளிரில் அதைவிடப் பெரிய சொத்து கிடையாது. மாப்பிள்ளை ஒரு சிடி பிளேயர் வாங்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வருவாள். இவ்வளவு இருந்தும் அந்த நாடா என் விரலில் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

ஒரு ஜனவரியில் கன்னாட் பிளேஸில் பேங்க் வேலையை முடித்துவிட்டு ஒரு மியூசிக் கடைக்குள் போனேன். குரங்குக் குல்லாவும் கம்பளிச் சட்டையுமாக நான் நுழைந்ததுமே கடைக்காரர், அங்கிள்ஜி, பஜன் எல்லாம் அந்தப் பக்கம் என்று ஹிந்தியில் கை காட்டினார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. எதிரே அலமாரியில் அந்தப் பாடகரின் முகம். கீழே பதினைந்து பெயர்கள். அதே ஆல்பம், சிடியாக. வாங்கினேன். பேரனுக்கா என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

மத்தியான வெயிலில் பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். என் மனைவி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்று பாட்டு முடிந்ததும், "ஏங்க, இவங்க எப்ப சுருதி சேர்த்து முடிப்பாங்க?" என்றாள். எனக்கும் முதல் நாள் அப்படித்தான் இருந்தது. ஆனால் தினமும் கேட்டேன். நாலைந்து நாளில் ஒரு பெண்மணியின் பாட்டு மட்டும் தனியாகக் காதில் நின்றது. மற்றவர்கள் அடித்து நொறுக்கியதை அவர் வெறும் பியானோவை வைத்துக்கொண்டு விளம்ப காலத்தில் பாடியிருந்தார். ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக மனமில்லாமல் நிற்பார். எங்கள் வித்வான்கள் அப்படி நிற்கும்போது நான் எத்தனை தடவை ஆஹா என்று சொல்லியிருக்கிறேன்.

அப்போதுதான் புரிந்தது. வருடா வருடம் சபையில் சங்கீத மகானுக்கு ஆராதனை நடத்துகிறோம். அவர் இயற்றியதையே பெரிய வித்வானும் பாடுகிறார், நேற்றுக் கற்றுக்கொண்ட குழந்தையும் பாடுகிறது. மகானே பாடிவிட்டாரே, நீங்கள் எதற்கு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து நானும் பல வருடம் கூடப் பாடியிருக்கிறேன். என் வீட்டு முன்னறையில் ஒரு பெண் தன் மகானுக்கு ஆராதனை நடத்தியபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

பதினைந்தாவது பாட்டு முடிந்து சிடி நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. என்ன என்று மனைவி கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, "அவகிட்ட சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மகளிடம் சிடியைக் கொடுத்தேன். அரே, இது எங்கே கிடைத்தது என்று முகமெல்லாம் மலர்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வது கஷ்டமாக இருந்தது. செலோடேப், காம்போதி, நாடாவை அறுத்தது, ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

"நான் சாரி சொன்னப்போ உங்களுக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

"அதுக்கப்புறம் வாராவாரம் ஸ்பிரிட் போட்டு ஹெட்டைத் தொடச்சேன். இன்னொரு கேசட் போயிடக்கூடாதுன்னு." சிடியை மேஜைமேல் வைத்தாள். "அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா மறு வாரமே திரும்பப் பாடியிருப்பேன்ப்பா. கிடார் வாசிச்சவ பரீட்சை வரைக்கும் இங்கதான் இருந்தா. மெஷின் மேல பயந்துட்டுத்தான் பாடல."

காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சிடி மேஜைமேலேயே இருந்தது.

சில ஞாயிற்றுக்கிழமைகள் அவள் வரவில்லை. அம்மாவிடம் தினமும் போனில் பேசினாள். நான் எடுத்தால், அம்மா இருக்காங்களா என்பாள். என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். பரணிலிருந்து பழைய டூ-இன்-ஒன்னை இறக்கி, தூசி தட்டி, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஹெட்டைத் துடைத்தேன். பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை துடைத்தேன். ஓடிற்று. யாரும் கேட்காத மெஷினை எதற்குத் துடைக்கிறீர்கள் என்று மனைவி கேட்டாள். ஆனால் அதைப் போனில் மகளிடம் சொன்னவளும் அவள்தான் என்று பின்னால் தெரிந்தது.

ஹோலிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கைப்பையில் ஒரு புதுக் கேசட். அந்தச் சமயத்தில் அது கிடைப்பதே அரிதாகிவிட்டது, லஜ்பத் நகரில் தேடிப் பிடித்தாளாம். நேராகப் போய்ச் சிடியைப் போட்டாள்.

"பதினஞ்சும் முடியட்டும். பதினாறாவதாத்தான் வரணும்."

பால்கனி ஓரத்தில் மூன்று பேரும் உட்கார்ந்து முழுவதும் கேட்டோம். இந்தத் தடவை ஒவ்வொருவர் யார், அசலிலிருந்து எதை மாற்றினார் என்று நான் கேட்டேன். முதலில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தையில் பதில் வந்தது. போகப் போக நீண்டது. பியானோப் பெண்மணி வந்ததும் நான் தொடையில் தாளம் போட, "அது நாலு இல்லப்பா, மூணு" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிடித்த கையை உடனே எடுத்துவிடவில்லை.

முடிந்ததும் கேசட்டை டூ-இன்-ஒன்னில் போட்டாள். பட்டனை நீங்களே அமுக்குங்கள் என்றாள். அமுக்கினேன்.

கிடார் இல்லாமல் பாடினாள். குரல் கொஞ்சம் கனத்திருந்தது, அந்தப் பாட்டுக்கு அது பொருத்தமாகவே இருந்தது. இரண்டாவது அடியில் வார்த்தை மறந்து ஹம் செய்தாள். நடுவில் குக்கர் விசில் அடித்தது. மனைவி எழுந்து போகவில்லை. நான் ஆஹா சொல்லவில்லை, பதிவாகிவிடும் என்ற பயத்தில். திரும்ப ஓடவிட்டுக் கேட்டோம். விசில் நன்றாகப் பதிந்திருந்தது. இன்னொரு தரம் பாடுகிறாயா என்றேன். வேண்டாம், அம்மாவும் ட்ரிப்யூட்டில் இருக்கட்டும் என்றாள்.

பிறகு வீட்டுச் சாவியை எடுத்து இரண்டு சதுரங்களையும் நெம்பி உடைத்தாள். கேசட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கையை நீட்டினாள்.

"செலோடேப் எங்க?"

மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதையும் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். என் மனைவி சிரித்த சிரிப்பில் பின்னல் ஊசி கீழே விழுந்தது. மகள் சிரிக்கவில்லை. ஆனால் காபி கேட்டாள்.

செலோடேப் இன்னும் திரும்பி வரவில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் பரிசுப் பொட்டலம் கட்ட வேண்டியிருந்தது. கோந்து தடவி, காயும்வரை கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.