இரண்டு கட்சிக்கும் ஒரே தொண்டை

கடவுள் எனக்கென்று கொடுத்த சொத்து இந்தத் தொண்டை ஒன்றுதான். மற்றதெல்லாம் நான் தவணையில் வாங்கியது. பகலில் கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா, மிச்ச நேரத்தில் அறிவிப்பாளன். எங்கள் தீவுத் தலைநகர் ஜார்ஜ்டவுனில் கோயில் திருவிழாவோ துணிக்கடை மலிவு விற்பனையோ, ஒலிபெருக்கியில் தமிழில் யாராவது அலறினால் அது அநேகமாக நானாகத்தான் இருப்பேன். டத்தோ கிராமாட்டில் என் வீட்டுத் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு கைப்பேசியில் பதிவு செய்வேன். மனைவியின் சேலைகள் எதிரொலியை விழுங்கிவிடும். "புதுச் சேலை வாங்கித் தர வக்கில்ல, இருக்கிறதுல எச்சி தெளிக்கிறீங்க" என்பாள் அவள்.

தேர்தல் வந்தால் எனக்கு இரட்டைத் தீபாவளி. அந்தத் தடவை இரண்டு கட்சிக்காரர்களும் என்னையே தேடி வந்தார்கள். ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாது. நான் ஏன் வாயைத் திறக்கிறேன்? முதல் கட்சி கொடுத்த தாளில் இப்படி இருந்தது: "ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி மக்களே! அவர்கள் வந்தால் உங்கள் வீடு இடிபடும். உங்கள் பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள்!" கனத்த குரலில், 'தெருவில்' என்ற இடத்தில் ஒரு மூச்சு நிறுத்திப் படித்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து மற்றக் கட்சியின் தாள் வந்தது. அதிலும் அதே இடிப்பு, அதே பிள்ளைகள், அதே தெரு. 'அவர்கள் வந்தால்' என்பதற்குப் பதில் 'அவர்கள் நீடித்தால்' என்று இருந்தது, அவ்வளவுதான். இதற்கு மட்டும் குரலைக் கொஞ்சம் மூக்கு வழியாக விட்டேன். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா!

உண்மையிலேயே இடிக்கப் போகிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. முறுக்கு தின்றுகொண்டே படித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த அடுக்குமாடியில், ஏழாவது மாடியில், என் அக்கா இருக்கிறாள். அத்தான் போன பிறகு தொழிற்சாலையில் ஷிஃப்ட் ஷிஃப்டாக நின்று அவள் வாங்கிய வீடு. நடையோரம் முழுக்கக் கறிவேப்பிலையும் கற்பூரவல்லியும் வைத்த தொட்டிகள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கொடிமலை. ஒரே மகன் நிபோங் திபாலில் மனைவி, சின்ன மகளோடு இருக்கிறான். மாதம் ஒருமுறை ஆசையாகப் போவாள். பேத்தியைக் கொஞ்சி முடித்த மூன்றாம் நாள், "என் வீட்டுல படுத்தாத்தான் தூக்கம் வருது" என்று திரும்பிவிடுவாள்.

வாக்களிப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை போனேன். வீடு முழுக்கப் பெட்டி. பாத்திரமெல்லாம் பழைய பேப்பரில் சுற்றிக் கிடந்தது.

"என்னாக்கா இது?"

"வீட்டைக் கொடுத்துட்டு மகன்கிட்டயே போயிடப் போறேன்டா. கீழ் மாடிக்காரரு பாதி விலைக்குக் கேக்குறாரு. வெள்ளிக்கிழமை கையெழுத்து."

"ஏன்? என்ன ஆச்சு?"

"இடிக்கப் போறாங்களாமே. தெனமும் காடியில லவுட்ஸ்பீக்கர் கட்டிக்கிட்டு வந்து சொல்றாங்க லா."

"ஐயோ அக்கா, அது எலெக்‌ஷனுக்காகச் சொல்றது!"

"ஒரு கட்சி சொன்னா எலெக்‌ஷன் பேச்சு. ரெண்டு கட்சியுமில்ல சொல்றாங்க? எதுலயும் ஒத்துப்போகாதவங்க இதுல மட்டும் ஒத்துப்போறாங்க. அப்ப எவன் வந்தாலும் இடிக்கிறது உறுதிதானே?"

ஆறாம் வகுப்போடு நின்றவள். நான் ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தாலும் இதற்கு மறுப்பு வராது.

"அக்கா, அது நான்! ரெண்டு குரலும் நான்தான்!"

"அது எனக்குத் தெரியாதா? தொட்டில்ல நீ அழுத குரலே எனக்குத் தெரியும். நீ சொன்னதாலதான்டா நம்பினேன்."

தாளைக் கொடுத்தார்கள், படித்தேன், எல்லாம் பொய் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"வீட்டுக்குள்ள நீ பொய் சொல்லுவ, சின்னப் பிள்ளையிலேர்ந்து பாக்குறேன். ஊரு பூரா கேக்க மைக்குல சொல்லுவியா? போலீஸ் பிடிக்காது?"

கைப்பேசியை எடுத்துப் பதிவுகளைப் போட்டுக் காட்டினேன். அதில் நான் சொதப்பிய பதிவும் இருந்தது. 'தெருவில்' என்று வரும்போது முறுக்குத் துணுக்கு சிக்கி, கமறி, இருமி, நின்றுவிட்டேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாரு, படிக்கும்போதே உனக்குத் தொண்டை அடைக்குது. அக்கா ஞாபகம் வந்துருச்சுல்ல?"

"அது முறுக்குக்கா!"

"போடா. அழுததை எதுக்கு மறைக்கிற?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை அக்காவையும் சேர்த்துக் கெடுத்தது. மறுநாள் அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு அடுக்குமாடி நிர்வாக ஆபீசுக்கே போனேன். இடிக்கிற திட்டமே கிடையாது என்றார்கள். ஓடிவந்து சொன்னேன். "இல்லைன்னுதான் சொல்லுவான். இடிக்கிறவன் சொல்லிட்டா இடிப்பான்?" என்று கேட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குக் கயிறு கட்டினாள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் உண்மையையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். அவ்வளவு உண்மையை நான் வாழ்நாளில் பேசியதில்லை. ஒரு பலனும் இல்லை.

வியாழக்கிழமை மாலை எனக்கு வெறி பிடித்துவிட்டது. விடிந்தால் கையெழுத்து. அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அறிவிப்புக் குரலை எடுத்தேன்.

"அக்கா, உன் மகன் வீட்டுக்குப் பின்னால செம்பனைத் தோட்டம்தானே?"

"ஆமா."

"செம்பனை இருந்தா எலி இருக்கும். எலி இருந்தா..." என்று ஒரு மூச்சு நிறுத்தினேன். 'தெருவில்' நிறுத்துகிற அதே நிறுத்தம். "நாகம். கக்கூஸ் குழாய் வழியா ஏறி வருதாம். சோபாவுக்கு அடியில சுருண்டு படுத்துக்குதாம். அந்தப் பக்கம் ஒரு அம்மா டிவி பாத்துக்கிட்டே காலைக் கீழ வச்சாங்களாம். அவ்வளவுதான்."

பாம்பென்றால் படையும் நடுங்கும். அக்கா யார் அந்த அம்மா என்று கேட்கவில்லை. எந்த ஆபீஸ் சொன்னது என்று கேட்கவில்லை. உட்கார்ந்திருந்த நாற்காலியில் இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். பத்தே நிமிடத்தில் கீழ் மாடிக்காரருக்குப் போன் போட்டு வீட்டைக் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். "இடிச்சா இடிக்கட்டும்டா. பாம்புக்கு இது மேல்" என்றாள்.

பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். மனைவியிடம் நடித்தே காட்டினேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, இதை எப்ப எடுக்கப் போறீங்க?" என்றாள்.

"எதை?"

"பாம்பைத்தான்."

"எலெக்‌ஷன் முடியட்டும்" என்றேன்.

தேர்தல் முடிந்தது. ஒரு கட்சி ஜெயித்தது. அடுக்குமாடியில் ஒரு செங்கல்கூட அசையவில்லை. ஆனால் அக்கா நிபோங் திபால் போகவில்லை. முதல் மாதம் முழங்கால் வலி என்றாள். இரண்டாம் மாதம் தொட்டிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்றாள். ஏழாம் மாதம் அவள் மகன் எனக்குப் போன் செய்தான்.

"மாமா, பாப்பாவுக்குக் காதுகுத்து வச்சிருக்கோம். அம்மா வரமாட்டேங்கிறாங்க. என்ன கோவம்னு கேட்டுச் சொல்லுங்க மாமா. தான்தான் என்னமோ தப்பு பண்ணிட்டோம்னு என் வைஃப் தெனமும் அழுவுறா."

எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு சொல் இல்லை. அன்றே ஏழு மாடியும் ஏறிப் போனேன், லிஃப்ட் வேறு பழுது. அக்காவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறைதான்.

"பாம்பு பொய்க்கா. உன்னை நிறுத்தறதுக்காக நானே கட்டுனது. வீடு இடியாதுன்னு சொன்னேன், நீ நம்பல. கடைசியில இடிஞ்சுச்சா?"

"ஏன் இடியல? நாங்க எல்லாம் பயந்தோம், கத்துனோம், அதனால விட்டுட்டாங்க" என்றாள் நிதானமாக. "இதுவும் அப்படித்தான். ஏழு மாசமா நான் போகல. ஏழு மாசமா என்னைக் கடிச்சுச்சா?"

காதுகுத்துக்கு நானும் மனைவியும் போனோம். அக்காவுக்கென்று மருமகள் முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு, அதில் யாரையும் உட்கார விடாமல் பார்த்துக்கொண்டாள். கடைசியில் அந்த நாற்காலியில் கைப்பேசியைச் சாய்த்து வைத்தார்கள். அதில் அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் கொடிமலை. தாய்மாமன் மடியில் மூன்று வயதுப் பிள்ளை வீறிட்டபோது, ஆயர் ஈத்தாமில் இருந்துகொண்டு அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அழுது ஓய்ந்த பிள்ளை, கைப்பேசி நாற்காலிக்கு எதிரே இருந்த சோபாவில் என் பக்கத்தில் வந்து ஏறியது. இரண்டு காலையும் மடக்கி நெஞ்சோடு கட்டிக்கொண்டது.

"காலை நல்லாத் தொங்கப்போட்டு உக்காரும்மா" என்றேன்.

"பாட்டி நேத்து போன்ல வேணாம்னு சொன்னாங்க. சோபாவுக்குக் கீழ பாம்பு இருக்கு. தாத்தாதான் சொன்னீங்களாம்."

"பாம்பெல்லாம் இல்லம்மா. தாத்தா சும்மா சொன்னேன்."

பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தது. அச்சு அசல் அக்காவின் பார்வை.

"அப்ப ஏன் பாட்டி வரல?"

திருவிழாக் கூட்டத்தையே திரும்பிப் பார்க்க வைக்கிற தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் முன்வரிசை நாற்காலியிலிருந்து அக்காவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"டேய் தம்பி! பாம்பைப் பத்தித் தெரிஞ்ச நீயே இப்படி உக்காந்திருக்கியே! காலைத் தூக்கி மேல வைடா!"

சோபாவுக்கு அடியில் ஏதோ சரசரத்தது. பலூனாக இருக்கலாம், சாக்லேட் தாளாக இருக்கலாம். நான் குனிந்து பார்க்கவில்லை. என் கால்கள் தாமாக மேலே ஏறின.

பாப்பா கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.