மூக்கு மேஸ்திரியின் ஒரு சொல்

பழச்சாறு ஆலையில் அவருக்கு மூக்கு மேஸ்திரி என்றுதான் பெயர். பிழிந்து கழித்த தோலும் சக்கையும் ஈஸ்ட்டோடு பெரிய தொட்டியில் நுரைத்துப் புளித்து, எரிபொருளுக்கான சாராயமாகும். தொட்டி காலியானதும் ஆள் இறங்கிக் கழுவ வேண்டும். புளிக்கும்போது கிளம்பும் வாயு உள்ளே தங்கியிருந்தால் இறங்கியவன் ஏறமாட்டான். அதை அளக்கும் கருவி ஆலையில் இருக்கத்தான் செய்கிறது, பெட்டியைவிட்டு வெளியே வந்ததுதான் இல்லை. மேஸ்திரி தொட்டிக்குள் தலையை நீட்டி மோந்து பார்ப்பார். புளிப்பு வாடை போயிருந்தால் "ஒண்ணுமில்ல" என்பார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஆட்கள் இறங்குவார்கள்.

போன வாரம் அவருக்குக் கடுமையான சளி. இன்று காலை அடுப்படியில் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தபோது மனைவி வெளியிலிருந்து ஓடிவந்தாள்.

"பால் தீஞ்சு தெருவே நாறுது! பக்கத்துலயே இருக்கீங்க, மூக்கை எங்க அடகு வெச்சீங்க?"

கருகிய பாத்திரத்தை முகத்தருகே கொண்டுபோனார். சூடு மட்டும்தான் தெரிந்தது.

ஆலையில் மனைவியின் தம்பி கால்சட்டையை மடித்துக்கொண்டு தொட்டிமேல் தயாராக நின்றான்.

"மாமா, இறங்கலாமா?"

கீழே நாலைந்து பேர் அண்ணாந்து பார்த்தார்கள். மூக்குப் போய்விட்டது என்றால் ஊர் சிரிக்கும். தலையை நீட்டி ஆழ இழுத்தார். வாடையே இல்லை. தலை மட்டும் லேசாகக் கிறுகிறுத்தது.

"ஒண்ணுமில்ல" என்றார்.

"மாமா மூக்கு இருக்க எனக்கென்ன பயம்?" என்று சிரித்துக்கொண்டே மச்சினன் ஏணியில் கால் வைத்தான்.