ஐந்தாமவள்

போன வாரம் ஹிஞ்சேவாடியில் எங்கள் ஆபீசுக்குப் புது பாஸ்கெட்பால் ஒன்று வந்தது. கம்பெனிகளுக்குள் நடக்கும் போட்டிக்காக வாங்கியது. அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது, கூடவே விவாதமும் கிளம்பியது. ஐந்து பேரை எப்படிப் பொறுக்குவது? உயரத்தைப் பார்ப்பதா, ஆட்டத்தைப் பார்ப்பதா? எங்கள் டீமில் இருக்கும் கோயம்புத்தூர்ப் பையன் என்னை அண்ணாந்து பார்த்து, "மேடம், நீங்க ஸ்கூல் டீம்ல ஆடினவங்கதான, நீங்களே சொல்லுங்க" என்றான். நான் போன் வந்ததுபோல் பாவனை செய்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஏன் என்று அவனிடம் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம்.

என் உயரம் ஐந்தடி எட்டங்குலம். பத்தாம் வகுப்பிலேயே அது வந்து சேர்ந்துவிட்டது. சர்ச்சில் தெரிந்தவர்கள் எல்லோரும் என்னை ஒட்டடைக்கம்பு என்றார்கள். அம்மாவுக்கு அப்போதே மாப்பிள்ளைக் கவலை. பரணிலிருந்து டப்பா எடுக்க மட்டும் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் நான் வேண்டும். கேம்ப் ஏரியாவில் இருந்த எங்கள் கான்வென்ட்டின் கோச் சார், மராத்திக்காரர், பயிற்சிக்கு முன்னால் எங்களை உயர வரிசையில் நிறுத்துவார். வரிசையின் கடைசியில் நான். முன்னால் நிற்கும் சடைகளின் தேங்காயெண்ணெய் வாசனை முழுக்க எனக்குத்தான். வரிசையின் முதல் ஆள் செல்வி.

செல்வி ஒன்பதாம் வகுப்பு. அவள் அப்பாவுக்குக் கட்கியில் வேலை கிடைத்து, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஹிந்தி பேச வராது. நானோ இந்த மராத்தி ஊரிலேயே பிறந்தவள். என் தமிழில் பாதி ஹிந்தி, மிச்சத்தில் கொஞ்சம் மராத்தி. "பாஜி வாங்கப் போனா ரிக்‌ஷாவாலா ஜாஸ்தி கேக்குறான்" என்று நான் சொன்னால் செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். டீமில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவளிடம் எது சொல்வதானாலும், அவள் எது சொல்வதானாலும், எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பந்து அவள் கைக்கு வந்துவிட்டால் வளர்த்த நாய்க்குட்டி மாதிரி கூடவே ஓடும். தட்டிப் பறிக்கலாம் என்று நான் குனிவதற்குள் என் முழங்கைக்குக் கீழே நுழைந்து போயிருப்பாள். என் வித்தை வளையத்துக்கு அடியில் நின்று கையைத் தூக்குவது. பந்து வந்தால் பிடிப்பேன். பிடித்தபின் என்ன செய்யலாம் என்று யோசிப்பேன். அதற்குள் அது வேறு யார் கையிலாவது இருக்கும்.

பள்ளிகளுக்கிடையே போட்டி வந்தது. நாலு பேர் முடிவாகிவிட்டார்கள். ஐந்தாவது இடத்துக்கு நானா செல்வியா என்று சாருக்கு இரண்டு நாளாகக் குழப்பம். வீட்டிலோ நான் டீமில் இருப்பதாகவே சொல்லிவிட்டேன். அப்பா புது கேன்வாஸ் ஷூ வாங்கி, சர்ச்சில் நாலு பேரிடம் தம்பட்டமும் அடித்துவிட்டார்.

மூன்றாம் நாள் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். எதிர் டீமில் எல்லோரும் நெட்டைகள், இவளால் சமாளிக்க முடியுமா என்று கேள் என்றார் ஹிந்தியில். நான் கேட்டேன். அதுவரை ஒழுங்காகத்தான் இருந்தேன்.

செல்வி கண்ணை விரித்துக்கொண்டு சொன்னாள். "ஆடுவேன்னு சொல்லுங்கக்கா. எம்புட்டு ஒசரமா இருந்தாலும் பந்தத் தட்டும்போது அது தரைக்கு வரணும்லா, அப்ப எடுத்துருவேன்."

நான் சார் பக்கம் திரும்பி, "உஸ்கோ டர் லக்தா ஹை" என்றேன். அவளுக்குப் பயமாக இருக்கிறதாம். நாலே வார்த்தை.

சார் அவள் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்று அவள் கேட்பதற்கு முன்னால் நானே, "ஹைட் பத்தாதாம்" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிக்கா" என்றாள்.

போட்டியில் தோற்றோம். எதிர் டீமின் நெட்டைச்சி ஒருத்தி என் முன்னால் வந்து வந்து பந்தைத் தட்டினாள். செல்வி சொன்ன மாதிரியே அது ஒவ்வொரு முறையும் தரைக்கு வந்தது. நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பெஞ்சிலிருந்து செல்வி தொண்டை கிழியக் கத்தினாள். "அக்கா, கீழ! கீழ பாருங்கக்கா!" அத்தனை கூட்டத்தில் அது எனக்கு மட்டும்தான் புரிந்தது. ஆட்டம் முடிந்து நான் அழுதபோது தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்ததும் அவள்தான். அந்தத் தண்ணீரைக் குடித்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பிறகு பல வருடம் கழித்து, கேம்ப் பஸ் ஸ்டாப்பில் யாரோ ஆட்டோக்காரரை மராத்தியில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். யாரடா இது என்று திரும்பினால் செல்வி. என் உயரம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. "ஒட்டடைக்கம்பு அக்கா!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் பற்றிப் பேசினோம். கணவருக்கு மாற்றல், அடுத்த வாரம் ஊரைக் காலி செய்கிறோம் என்றாள். பேச்சோடு பேச்சாக, "அன்னைக்கு நீங்க சார்ட்ட சொன்னது எனக்குப் புரிஞ்சிதுக்கா" என்றாள். "டர்னா பயம். பக்கத்து வீட்டு நாயால வந்த மொத வாரமே படிச்சிட்டேன்."

"அப்பவே சார்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். பாருங்கள், அப்போதும் பழியை அவள் பக்கம்தான் தள்ளினேன்.

"எந்தப் பாஷையிலக்கா சொல்ல?" என்றாள். கோபமே இல்லை. அவள் பஸ் வந்தது. "பத்திரமா போ" என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பரைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

நேற்று அந்தப் பள்ளிப் பக்கம் போனேன். மைதானம் இப்போது கார் நிறுத்துமிடம். வளையக் கம்பத்தைத் தரையோடு அறுத்திருக்கிறார்கள். கோச் சார் காலமாகிவிட்டாராம், வாட்ச்மேன் சொன்னார். செல்வி உட்கார்ந்து கத்திய பெஞ்ச் கிடந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. எனக்குத் தமிழ், ஹிந்தி, மராத்தி, இங்கிலீஷ் என்று நாலு பாஷை தெரியும். கையைப் பிடித்துக்கொண்டு அவள் எதிரே நின்ற அன்றைக்கு, ஒன்றிலும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.