சுவரைப் பார்த்து வாசித்த சூசபோன்

பழைய சூசபோனுக்குள் தலையை விட்டிருக்கிறீர்களா? இன்று அப்பாவின் சூசபோனைத் துடைக்கப்போய் நான் விட்டேன். பித்தளையும் எச்சிலும் கலந்த அந்த நாற்றம் என்னைச் சின்ன வயதுக்கே இழுத்துப்போனது.

கொட்டாஞ்சேனைச் சேர்ச்சில் நத்தார்ப் பண்டிகைக் கச்சேரி ஒத்திகை. மடியில் வைத்து ஊதும் டியூபா வேண்டும் என்றார்கள். ஊர்வலத்தில் தோளில் சுற்றி ஊதும் இந்த ராட்சதக் குழலோடு அப்பா போய் உட்கார்ந்தார். ஒரே ஊதலில் வயலின்கள் எல்லாம் அமுங்கிப்போயின.

"அன்டன், இது பெருநாள் ஊர்வலமில்ல. டியூபா இல்லாட்டி நீர் வேண்டாம்," என்றார் ஃபாதர்.

அப்பாவின் முகம் வாடியது. பிறகு குழலின் அகன்ற வாயைக் கழற்றி, பின்சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினார்.

"இப்ப கேளுங்கோ ஃபாதர்."

சத்தம் சுவரில் பட்டுப் பஞ்சாக வந்தது.

"வீட்டிலயும் இப்பிடி மெதுவாக் கதைச்சா என்ன இந்த மனுசன்!" என்றார் என் பக்கத்தில் இருந்த அம்மா, கண்ணைத் துடைத்தபடி.

"ஓம், இரும் அன்டன்," என்றார் ஃபாதர்.

அப்பா இப்போது குளிக்கிறார். இன்றும் ஆறு மணிக்கு அதே சேர்ச்சில் ஒத்திகை.