ஊசி குத்திய புத்தகம்

நொர்வேயில், பியோர்ண்டாலில் இருந்தபோது, நான் நூலகத்தில் எடுத்து வந்த புத்தகம் ஒன்றை அம்மா ஊசியால் குத்திவிட்டார். நானூறு வருடங்களுக்கு முன் ஜெர்மனியில் வெளிவந்த பூத்தையல் மாதிரிகளை அப்படியே மறுபடி அச்சிட்ட புத்தகம் அது. பள்ளிக்கூடத்துக் கைவேலைப் பாடத்துக்காக எடுத்தது. நான் வீடு திரும்பிப் பார்க்கும்போது கொடி ஒன்றின் கோடு நெடுகத் துளைகள். சித்தியின் கலியாணச் சட்டைத் துணிமேல் அந்தப் பக்கத்தை விரித்து, துளைகளின் மேல் முகப்பவுடரைத் தேய்த்து, கொடியை அதில் இறக்கியிருந்தார். நீலப்பட்டில் அது அழகாகத்தான் இருந்தது. இது நூலகத்துப் புத்தகம் என்று நான்தான் கத்தினேன்.

"மாதிரிப் புத்தகம் குத்துறதுக்குத்தானே, பிள்ளை?" என்றார் அம்மா.

பதினொரு வயதில் நான்தான் எங்கள் வீட்டு வெளியுறவு அமைச்சர். வைத்தியரிடமும் கடையிலும் அம்மாவுக்காக நானே கதைப்பேன். அவர் நொர்வேஜிய மொழி வகுப்புக்குப் போய்வந்தாலும் வெளியில் வாய் திறக்கமாட்டார். ஆகவே அவருக்கு ஒன்றும் விளங்காது என்று முடிவுகட்டியிருந்தேன். எங்கள் வதிவிட அனுமதிக் கடிதமும் அப்போது வந்திருக்கவில்லை. புத்தகத்தைப் பழுதாக்கிய குடும்பம் என்று நூலகத்தில் எழுதிவைத்து, அதைப் பார்த்து எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டால்? ஒரு கிழமையாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொடுக்கவேண்டிய நாளில் அம்மாவும் கூடவே வந்தார். நூலகப் பெண் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். அவர் வாய் திறக்குமுன், அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, அதனால்தான் இப்படி நடந்துவிட்டது என்று நொர்வேஜிய மொழியில் கொட்டித் தீர்த்தேன்.

நூலகப் பெண் கோபிக்கவில்லை. அந்தக் காலத்துப் பெண்களும் இப்படித்தான் குத்திக் கரித்தூள் தேய்த்தார்களாம். குத்திக் குத்தியே அந்தப் புத்தகங்கள் கிழிந்து போனதால்தான் இன்று மிஞ்சியவை கொஞ்சமாம். அடுத்த முறை பக்கத்தைப் பிரதி எடுத்துக் குத்தச் சொல்லுங்கள் என்றார்.

"பிரச்சினை இல்லையாம், அம்மா."

"ஓம்," என்றார் அம்மா. பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, நொர்வேஜிய மொழியில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "எனக்கு வாசிக்கத் தெரியும்."

பஸ்சில் சந்தோசம் தாங்காமல் நான் அலட்டிக்கொண்டே வந்தேன். அம்மா வெறும் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பனியைப் பார்த்தபடி இருந்தார். வகுப்பில் படித்ததைத் துணிந்து சொல்லிப் பார்த்தார் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்த வசனத்தை அவர் என்னிடம்தான் சொன்னார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.